பூங்காவில் ஒரு பாடம்



நடத்தல் நாம் அனைவரும் அறிந்த செயல். நடந்து கற்றலோ பலர் மறந்துவிட்ட பழக்கம். மலையேறும் வலிமை இல்லாதவரும் எளிதாக நடக்கத்தக்க பாதைகள் நம் தேனி மாவட்டத்தில் உள்ளன. ஆண்டிபட்டிக்கு அருகே, வைகை அணையின் அடியில், ஆற்றின் இரு கரைகளிலும் அமைந்த பூங்காவின் பாதை அவற்றுள் ஒன்று.

அங்குச் செல்வோருள் பலர் மலர்களைக் கண்டு மகிழ்ந்து திரும்பிவிடுகின்றனர். நீங்கள் இரு கரைகளையும் இணைக்கும் சிறு பாலத்தின்மேல் சற்றே நில்லுங்கள். எதிரே நிற்கும் அணை, காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1959ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. அதில் 71 அடி வரை நீரைத் தேக்கலாம். நாளிதழில் நாள்தோறும் காணும் ‘வைகை அணை நீர்மட்டம்’ என்னும் எண்ணின் பொருள் அவ்விடத்தில் நன்கு விளங்கும்.

நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, மாணவர்களை அங்கு அழைத்துச் சென்று, ‘இந்நீர் எங்கிருந்து வருகிறது?’ என்று வினவுவது வழக்கம். ‘வருசநாட்டு மலையிலிருந்து’ என்பர். அது பாதி விடைதான். மேற்கே அரபிக்கடலை நோக்கி ஓடும் பெரியாற்றின் நீரும் இதில் கலந்திருக்கிறது. பென்னிகுயிக் என்னும் பொறியாளரின் முயற்சியால் 1895இல் திறக்கப்பெற்ற அணை அந்நீரைத் தடுத்தது. மலையைக் குடைந்த சுரங்கம் அதனைக் கிழக்கே திருப்பியது. அந்நீர் கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களை நனைத்து, வைகையோடு கூடி, இங்கே வந்து தேங்குகிறது. தாம் உண்ணும் சோற்றை விளைவித்த நீரின் வழியை அறியாத கல்வி நிறைவுடைய கல்வி ஆகுமா?

இந்நடையால் உடலுக்கும் பயன் உண்டு. 5 முதல் 17 வயது வரை உள்ளோர்க்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வெயில் ஏறுமுன் சென்று, கைவீசிச் சற்று விரைவாக நடந்தால், அதன் பெரும்பகுதி நிறைவேறிவிடும். நீர்விளிம்பில் இறங்காதீர்கள், பாதையை விட்டு விலகாதீர்கள்.

இன்னும் ஒன்று. அணைநீர் மதுரை மக்களின் குடிநீருமாகும். பள்ளத்தாக்கில் நாம் வாய்க்காலில் எறியும் குப்பை அந்நீரை நோக்கியே செல்கிறது. பூங்காவில் ஆற்றில் விழும் ஒரு நெகிழிப்பையோ கீழ்நாட்டுக் கால்வாய்களை அடையும். ஆதலின் கொண்டுசென்ற பொருளைத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஆற்றுக்கு நாம் செய்யக்கூடிய எளிய கைம்மாறு அதுவே.