கோயில் சுவரும் ஊர்க் காரியமும்

(ஆலய ஆண்டு விழாவையொட்டி மண்டபத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

வழக்கமாக இந்த மேடையில் பக்தி, ஒழுக்கம், தமிழ்க் கல்வி ஆகிய மூன்றில் ஒன்றைப் பற்றித்தான் பேசுவேன். இம்முறை தலைவர் அவர்கள், "வாத்தியாரே, ஊர்க் காரியம் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள், கடிதம் வந்தால் எங்கே போவது, யாரைப் பார்ப்பது என்று நம் ஆட்களுக்குத் தெரியவில்லை" என்றார். ஆலய மேடையில் வரியும் வடிகாலும் பேசலாமா என்று முதலில் தயங்கினேன். பிறகு உத்திரமேரூர் நினைவுக்கு வந்தது. தயக்கம் போய்விட்டது.

தமிழ்நாட்டில் காஞ்சிபுரத்துக்கு அருகில் உள்ளது உத்திரமேரூர். அங்கே முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-இலும் 921-இலும், ஊராட்சி நடத்தும் விதிமுறைகளைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். அந்தக் கல்வெட்டுகளை இன்று வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் காணலாம். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்தார்கள். ஏரியைக் கவனிக்க ஏரி வாரியம். தோட்டங்களுக்குத் தோட்ட வாரியம். பொன்னைச் சோதிக்கப் பொன் வாரியம். வயது 35-க்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மீண்டும் வர முடியாது. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் அந்த வாய்ப்பு இல்லை.

முழு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். அது அந்தணர் குடியிருப்பின் சபை. வரி கட்டும் நிலமும் சொந்த வீடும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே அதில் இடம். கப்பலேறி இந்நாட்டுக்கு வந்த நம் பாட்டன்மார் போன்றவர்களின் பெயர் அந்தக் குடத்துக்குள் விழுந்திருக்காது. ஆனாலும் ஒரு பாடம் நமக்கு உண்டு. ஊரின் விதி எதுவோ, அது எல்லாரும் வந்து போகும் இடத்தில், எல்லார் கண்ணிலும் படும்படி எழுதப்பட்டிருந்தது.

நம் பெக்கான் நானாஸுக்கு வருவோம். நாம் இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்கிறோம். தஞ்சோங் பியாய் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர். பெக்கான் நானாஸ் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர். ஆனால் நம் வீட்டு வாசல் விளக்கையும் பக்கத்துக் கால்வாயையும் கடை உரிமத்தையும் கவனிக்கும் பொந்தியான் ஊராட்சி மன்றத்துக்கு நாம் யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை. முன்பு மாவட்ட மன்றமாக இருந்து இன்று நகராண்மைக் கழகமாக உயர்ந்துள்ள அந்த மன்றத்தின் உறுப்பினர்களை மாநில அரசாங்கம்தான் நியமிக்கிறது.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. ஒரு காலத்தில் இந்நாட்டில் ஊராட்சித் தேர்தல் நடந்தது. 1957-இல் ஜார்ஜ்டவுன் மாநகரின் முதல் மேயராக வந்தவர் டி.எஸ். இராமநாதன். அவர் ஓர் ஆசிரியர் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமை; பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965-இல் அந்தத் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அதே ஆண்டில் ஊராட்சி மன்றங்களை ஆராய அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அதற்குத் தலைமை ஏற்றவர் ஒரு தமிழர், செனட்டர் ஆதி நாகப்பன். தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சியே வேண்டும் என்றுதான் அவருடைய ஆணையம் பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை ஏற்கப்படவில்லை. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் நியமன முறையை நிலைநாட்டியது. தலைவரைத் தவிர குறைந்தது 8 பேர், அதிகம் போனால் 24 பேர்; ஒரு நியமனம் மூன்று ஆண்டுகளுக்கு மேற்படாது.

இது சரியா தவறா என்று வாதிட நான் இங்கே வரவில்லை. அரசியல்வாதிகள் அதைப் பார்த்துக்கொள்ளட்டும். நான் கேட்பது ஒன்றுதான்: வாக்குரிமை இல்லாத இடத்தில் நம் கையில் என்ன இருக்கிறது? சட்டத்தைப் புரட்டிப் பார்த்தால் இருக்கிறது. மன்றத்தின் முழுக் கூட்டம், மன்றமே வேறுவிதமாகத் தீர்மானித்தால் ஒழிய, பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்தது. கூட்டக் குறிப்புகளைப் பார்க்க வரி செலுத்துவோருக்கு உரிமை உண்டு. வரி மதிப்பீடு கூடினால் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஊரின் உள்ளூர்த் திட்டம் வரையப்பட்டால், இறுதியாவதற்கு முன் மக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். ஆனால் இவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தவணை உண்டு. தவணை கடந்தால் உரிமையும் போயிற்று.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. என் தவற்றினால் கற்றுக்கொண்டேன். இருபது ஆண்டுகளாக மனத்தில் வைத்திருந்ததை இன்று உங்கள் முன் சொல்லிவிடுகிறேன்.

2003-ஆம் ஆண்டு. வேறோர் ஊரில் ஆசிரியராக இருந்தேன். அங்கிருந்த சிறிய கோயிலுக்கு நான்தான் செயலாளர். கோயில் நிலம் கோயில் பெயரிலேயே இருந்தது. பின்புறம் இன்னொருவருக்குச் சொந்தமான காலி நிலம். திருவிழாவின்போது இரதம் அந்த நிலத்தின் ஓரமாகச் சுற்றித்தான் வரும். யாரும் தடுத்ததில்லை, யாரும் எழுதி வாங்கியதும் இல்லை. பங்குனி உத்திரத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது மலாய் மொழியில் ஒரு பதிவுத் தபால் வந்தது. பந்தல்காரர், பூக்காரர், சமையல்காரர் என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்த நேரம். "விழா முடியட்டும்" என்று பிரிக்காமல் மேசை இழுப்பறையில் போட்டேன். விழா முடிந்தது, கணக்கு முடித்தோம். பிறகு பரீட்சைத் தாள் திருத்தும் வேலை வந்தது. கடிதத்தைப் பிரித்தபோது 26 நாள் ஆகியிருந்தது.

பின்புற நிலத்தில் கட்டடம் எழுப்ப விண்ணப்பம் வந்திருக்கிறது. அண்டை நில உரிமையாளர் என்ற முறையில் உங்களுக்கு ஆட்சேபம் இருந்தால் 21 நாளுக்குள் எழுதலாம் என்பதே செய்தி. உள்ளூர்த் திட்டம் இன்னும் வராத இடங்களில் அண்டை வீட்டாருக்குச் சட்டம் தரும் வாய்ப்பு அது. நான் அலுவலகத்துக்கு ஓடினேன். முகப்பில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். தேதியைக் காட்டினார். நான் பதில் பேசவில்லை.

கட்டடம் வந்தது. அது அந்த உரிமையாளரின் நிலம். அவர் மேல் குற்றமில்லை. நாங்கள் எழுதியிருந்தால் இரதம் போக ஒரு சந்து விட்டிருப்பார்களா? அதை யாரும் சொல்ல முடியாது. ஆனால் கேட்டிருப்போம். கேட்கும் வாய்ப்பையே நான் இழுப்பறையில் பூட்டி வைத்துவிட்டேன். அடுத்த ஆண்டு இரதம் முன்வாசலோடு திரும்பியது. பின்பக்கத்துப் பலகை வீட்டில் ஒரு பாட்டி இருந்தார். நடக்க முடியாதவர். ஆண்டுக்கொரு முறை சாமி தன் வாசலுக்கு வரும் என்று தட்டோடு காத்திருப்பவர். அவரைப் பார்க்கப் போனபோது, "வாத்தியாரே, சாமி இனிமே இந்தப் பக்கம் வராதா?" என்று கேட்டார். 37 ஆண்டு பாடம் நடத்திய எனக்கு அந்தக் கேள்விக்கு விடை சொல்லத் தெரியவில்லை.

அன்பர்களே, இனி நம் ஊருக்குப் பயன்படும் சில செய்திகள்.

முதலாவது, எந்தக் காரியத்துக்கு எந்த வாசல் என்பது. நம் ஊர் வழியாகப் போகும் பெரிய சாலை கூட்டரசுச் சாலை 5. அதன் குழிக்கும் அதன் ஓரத்து லோங்காங்குக்கும் பொதுப்பணி இலாகாவிடம் போக வேண்டும். வீடமைப்புப் பகுதியின் உள்சாலையும் விளக்கும் ஊராட்சி மன்றத்தைச் சேர்ந்தவை. குப்பை என்றால், 2011 செப்டம்பரில் திடக்கழிவுச் சட்டம் ஜோகூரில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, அது எஸ்.டபிள்யூ.கார்ப் என்னும் கூட்டரசுக் கழகத்தின் பொறுப்பு. நில விவகாரம் மாவட்ட நில அலுவலகத்துக்கு உரியது. இது தெரியாமல் ஒரே முகப்பில் நின்று கோபப்படுகிறோம், அங்கிருப்பவரும் கைவிரிக்கிறார். புகாரை எழுத்தில் கொடுங்கள். தேதி முத்திரையிட்ட படி ஒன்றை வாங்கி வையுங்கள்.

இரண்டாவது, வரி. மதிப்பீட்டு வரியை ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரி முடிவதற்குள்ளும் ஆகஸ்டு முடிவதற்குள்ளும் செலுத்த வேண்டும். தீபகற்பத்தின் மற்ற மாநிலங்களில் ஆண்டு வாடகை மதிப்பைக் கொண்டு இதைக் கணக்கிடுகிறார்கள். ஜோகூரிலோ நிலமும் கட்டடமும் சேர்ந்த விலை மதிப்பே அடிப்படை. கூடுதலாகக் கட்டினால் மதிப்பீடு ஏன் கூடுகிறது என்பது இப்போது புரியும். வழிபாட்டுக்கென்றே பயன்படும் இடத்துக்கு விலக்கு அளிக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் அது மாநில அரசாங்கத்தின் விருப்ப முடிவு. தானாகக் கிடைக்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் மண்டபத்தைக் கருவறையோடு ஒன்றாகக் காட்டவும் முடியாது. கணக்கைத் தனித்தனியாக வைத்தால்தான் கேட்பதற்கு நமக்கு முகம் இருக்கும்.

மூன்றாவது, நிலம். இது மிக முக்கியம். "நூறு ஆண்டாகப் பூசை நடக்கிறது, யார் என்ன செய்ய முடியும்?" என்று நம்மவர்கள் சொல்லக் கேட்கிறேன். நூறு ஆண்டுப் பூசை நம் பக்திக்குச் சாட்சி. நிலத்துக்குச் சாட்சி ஆகாது. எத்தனை காலம் குடியிருந்தாலும், அனுபவித்தாலும், அரசாங்க நிலத்துக்கு உரிமை கிடைக்காது என்று தேசிய நிலச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. தற்காலிகக் குடியிருப்பு உரிமம் அந்தந்த ஆண்டின் டிசம்பர் 31-க்கு மேல் செல்லாது. 2025 மார்ச்சில் கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா வட்டாரத்துத் தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலய விவகாரம் நாடெங்கும் பேசப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். நூறாண்டைக் கடந்த ஆலயம். ஆனால் நிலம் ஆலயத்தின் பெயரில் இல்லை. 2014-லேயே தனியார் நிறுவனத்துக்கு விற்கப்பட்டிருந்தது. கடைசியில் அருகிலேயே மாற்று இடம் என்று பேசி முடித்தார்கள். பேச்சு வார்த்தையால் முடிந்தது நல்லது. ஆயினும் அந்த நாள்களில் பக்தர்கள் பட்ட மனவேதனையை எண்ணிப் பாருங்கள்.

இங்கே நன்கொடையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். கோபுரத்துக்கு வர்ணம் பூச வேண்டும் என்றால் ஒரே வாரத்தில் பணம் சேர்கிறது. அன்னதானத்துக்கு அரிசி மூட்டை வாசலில் வந்து இறங்குகிறது. உங்கள் கொடை நீடூழி வாழ்க. ஆனால் நில அளவைக் கட்டணம், கட்டட வரைபடக் கட்டணம், வழக்கறிஞர் கட்டணம் என்றால் கூட்டம் அமைதியாகிவிடுகிறது. அந்தக் காகிதத்தில் உபயதாரர் பெயரைப் பொறிக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் அந்தக் காகிதம் இல்லாவிட்டால், பெயர் பொறித்த கல்லை எங்கே நடுவது? அடுத்த ஆண்டு உபயப் பட்டியலில் "ஆவண உபயம்" என்று ஒரு வரி சேர்க்க நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் நூறு வெள்ளியை என் பென்ஷனிலிருந்து இந்த மேடையிலேயே பொருளாளரிடம் தருகிறேன்.

இன்னும் இரண்டு யோசனைகள். ஒன்று, ஆலயத்துக்கு வரும் ஒவ்வொரு கடிதத்தையும் அன்றே பிரித்து, வந்த தேதி, பதில் எழுத வேண்டிய தேதி, பொறுப்பேற்றவர் பெயர் ஆகியவற்றைப் பதியும் ஒரு தபால் புத்தகம். அதற்கு மூன்று பேர் போதும்: என்னைப் போல் ஓய்வு பெற்றவர் ஒருவர், மலாயில் சரளமாக எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர் ஒருவர், மாதர் பகுதியிலிருந்து ஒருவர். உத்திரமேரூர்க் குடத்தில் பெண்கள் பெயர் இல்லை. நம் புத்தகத்தில் இருக்கட்டும்.

இரண்டாவது, நம் அறிவிப்புப் பலகை. அது இப்போது காலணி வைக்கும் இடத்துக்குப் பின்னால் தொங்குகிறது. அதில் போன ஆண்டின் விழா அழைப்பிதழ்தான் இருக்கிறது. அதை முன்வாசலுக்குக் கொண்டு வருவோம். ஊராட்சி மன்ற அறிவிப்புகளின் சாரத்தைத் தமிழில் எழுதி ஒட்டுவோம். எழுதித் தரும் வேலையை நான் ஏற்கிறேன். கரும்பலகையில் எழுதிய கை இன்னும் நடுங்கவில்லை.

நம் முன்னோர் கோயில் சுவரில் ஊர்க் காரியத்தை வெட்டி வைத்தார்கள். நம்மால் ஒரு பலகையையாவது சுத்தமாக வைத்திருக்க முடியும். நம் ஊரில் எந்தப் பாட்டியும் தட்டை ஏந்திக்கொண்டு, சாமி ஏன் வரவில்லை என்று கேட்கும் நிலை வரக்கூடாது. அதற்கு எல்லாம் வல்ல இறைவன் நமக்கு விழிப்பையும் ஒற்றுமையையும் அருள வேண்டிக்கொண்டு விடைபெறுகிறேன்.