ஒரே பாயில் உட்கார வையுங்கள்!

(பனவடலிசத்திரத்தில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: 'பிள்ளைகளுக்கு வேர்களைச் சொல்லித்தர ஏற்ற இடம் வீடா? கோடை முகாமா?' - 'கோடை முகாமே!' அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே! "இவர் என்னத்தைப் பேசிக் கிழிக்கப் போறார்" என்று பார்த்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! பனவடலிசத்திரத்துப் பெரியவர்களே, தாய்மார்களே, முன்னால் மணலில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே!

பட்டிமன்றம் இந்த மண்ணுக்குப் புதுசா ஐயா? சங்கரன்கோவிலில் சங்கன், பதுமன்னு ரெண்டு நாகர்கள். சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா? இதுதான் தலைப்பு. கோமதி அம்மன் தவமிருந்து வாங்கிக் கொடுத்த தீர்ப்பு சங்கரநாராயணர். பாதி அவர், பாதி இவர்! நம்ம நடுவரும் அங்கேதான் தொழில் கத்துக்கிட்டார் போலிருக்கு. (சிரிப்பு) ஆனா இன்னைக்கு எனக்குப் பாதி தீர்ப்பு வேண்டாம் ஐயா. முழுசா வேணும்!

எதிரணிச் சகோதரி, "பாட்டி கதைக்கு முன்னால முகாம் நிக்குமா?" என்று கேட்டாங்க. நியாயமான கேள்வி. ஆனா பாட்டி இருப்பது இங்கே, பேரன் இருப்பது சென்னையில். லீவுக்கு வந்தாலும் பாட்டி கையில் ரிமோட்டு, பேரன் கையில் செல்போன். கதை எந்த வழியா வரும்? (கைதட்டல்)

இந்தச் சங்கடம் நமக்கு முன்னாலேயே அமெரிக்காவுக்குப் போன யூதர்களுக்கு வந்தது. பிள்ளைகள் ஆங்கிலத்திலே வளருது, மொழி மறந்துபோகுது. என்ன செய்தார்கள்? கோடையில் சில வாரம் முகாம் போட்டார்கள். 1941-ல் தொடங்கிய மசாத் முகாமில் பேச்சு எபிரேய மொழியில். பேஸ்பால் விளையாட்டைக்கூட எபிரேயத்தில் ஆடினார்கள். அதற்குச் சொல் இல்லையே? சொல்லை உண்டாக்கினார்கள்! 1947-ல் விஸ்கான்சினில் முதல் ராமா முகாம். 1948-ல் இஸ்ரேல் பிறந்த பிறகு, அந்த நாட்டு இளைஞர்களே கோடைதோறும் வந்து பாட்டும் ஆட்டமும் சாப்பாடும் வரலாறும் சொல்லிக் கொடுக்கிறார்கள். பரீட்சை கிடையாது, மார்க் கிடையாது. ஆனா பிள்ளை மனசில் ஒட்டிக்கொள்கிறது.

"அப்படியே ஒருபக்கக் கதையையும் ஒட்டிவிடுவார்களே?" என்று எதிரணி கேட்கலாம். கேட்க வேண்டும்! அந்த முகாம்களில் வளர்ந்த பிள்ளைகள் சிலரே பெரியவர்களானதும் கேட்டார்கள்: "1948-ல் ஏறத்தாழ ஏழு லட்சம் பாலஸ்தீனர்கள் வீடிழந்தார்களே, அதை ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை?" வேரைக் காட்டுகிறவன் பக்கத்து மரத்தின் வேரை மண்போட்டு மூடக்கூடாது ஐயா. அதற்காக முகாமை மூட வேண்டியதில்லை. கதையை முழுசாச் சொல்ல வேண்டும்.

நம்ம ஊருக்கு வாங்க. சங்கரன்கோவிலுக்கு அந்தப் பக்கம் நெற்கட்டும்செவல். 1755-ல் கர்னல் ஹெரான் படையோடு வந்து கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பிப் போனான். புலித்தேவன் வீரம்! அதைச் சொல்லும் வீட்டில் கூடப் போராடிய ஒண்டிவீரனைச் சொல்வார்களா? ஒண்டிவீரனைச் சொல்லும் வீட்டில் புலித்தேவனைச் சொல்வார்களா? 1761-ல் அந்தக் கோட்டையைப் பிடித்தவன் யார்? கம்பெனிக்காகப் போரிட்ட யூசுப்கான், நம்ம மண்ணிலே பிறந்த மருதநாயகம். அவனே பிறகு கம்பெனியை எதிர்த்தான். 1764-ல் மதுரையில் தூக்கிலிட்டார்கள். அவன் துரோகியா, வீரனா? இதைப் பத்துப் பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்து விவாதித்தால் அதுதான் வரலாற்றுப் பாடம்!

நடுவர் அவர்களே, இப்போது நான் சிரிக்க வைக்கப் போவதில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பள்ளி மாணவர்களே கூடப் படிக்கும் மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. பதினேழு, பதினெட்டு வயசுப் பிள்ளை அரிவாள் எடுக்கிறான். அந்த வெறுப்பு எந்தப் பாடப்புத்தகத்தில் இருந்தது? இல்லை ஐயா. வீட்டிலும் தெருவிலும் கேட்ட பெருமையில் இருந்தது!

வீடு பாசம் தரும், பண்பு தரும், மறுக்கவில்லை. ஆனா வீட்டில் கிடைப்பது நம்ம தெருக் கதை. எல்லாத் தெருக் கதையும் ஓரிடத்தில் கிடைக்க வேண்டுமானால் எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஓரிடத்தில் உட்கார வேண்டும். பெரிய செலவு வேண்டாம். மே மாசம் பத்து நாள், ஒரு பள்ளிக்கூடம், நாலு பாய், ஒரே அடுப்பில் பொங்கிய சோறு. ஒருநாள் நெற்கட்டும்செவல், ஒருநாள் சங்கரன்கோவில். புலித்தேவன் அந்தக் கோயிலுக்குள் போய் மறைந்தார் என்ற கதையையும் சொல்லுங்கள். கதை எது, ஆவணம் எது என்றும் சொல்லுங்கள்.

இன்னொரு தெருப் பையன் வீட்டு வீரனுக்கு நம்ம பையன் கைதட்டினால் போதும். அவன் நாளைக்கு அரிவாள் எடுக்க மாட்டான்.

சங்கரனும் நாராயணனும் ஒரே உருவமாக நிற்கும் மண்ணில் பிள்ளைகள் ஒரே பாயில் உட்காரக் கூடாதா? வேர்களைச் சொல்லித்தர ஏற்ற இடம் முகாமே, முகாமே என்று கூறி அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)