திங்கட்கிழமை வயிற்றுவலி

(வியாபாரிகளும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு பையன், ஒன்பதாம் வகுப்பு. திங்கட்கிழமை விடிந்தால் வயிற்றுவலி. அத்தா மளிகைக்கடைக்காரர், பிள்ளைக்குச் செலவு செய்யத் தயங்காதவர். டாக்டரிடம் காட்டினார், ஸ்கேன் எடுத்தார், ஓதியும் பார்த்தார்கள். ஒன்றுமில்லை என்றதும் "பய நடிக்கிறான்" என்று முடிவுகட்டி, அடியும் விழுந்தது. கடைசியில் அவன் தன் மாமாவிடம்தான் அழுதான். திங்கட்கிழமை முதல் பாடவேளை கணக்கு. விடை தெரியாவிட்டால் பெஞ்சு மேல் ஏற்றி, "நீ பொட்டலம் கட்டத்தான் லாயக்கு" என்பாராம் ஆசிரியர். வகுப்பே சிரிக்கும். அன்றிலிருந்து அவனுக்குப் "பொட்டலம்" என்றே பெயர்.

சகோதரர்களே! அந்த வலி நடிப்பல்ல. பயந்த மனம் குடலை முறுக்கும். குடலுக்கும் மூளைக்கும் நரம்புத் தொடர்பு இருக்கிறது. "எனக்கு மனசு சரியில்லை" என்று பதினான்கு வயதுப் பிள்ளை வந்து சொல்லாது. தலைவலி என்னும், சோறு வேண்டாம் என்னும், எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழும், கூட்டாளிகளை விட்டு விலகும். நாம் அதற்குத் "திமிர்" என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

10 முதல் 19 வயது வரையிலான பிள்ளைகளில் ஏழு பேருக்கு ஒருவர் ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்போடு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நாற்பது பேர் படிக்கும் வகுப்பில் ஐந்தாறு பேர். அதில் நம் பிள்ளை இருக்காது என்றுதான் நாற்பது வீட்டிலும் நினைக்கிறார்கள்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆவது பிரிவு. பிள்ளையை உடலால் தண்டிக்கவும் கூடாது, மனத்தால் வதைக்கவும் கூடாது என்கிறது. எந்தச் சரக்குக்கு எத்தனை சதவீதம் ஜி.எஸ்.டி. என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் நமக்கு இந்தப் பிரிவு தெரியவில்லை. தெரிந்திருந்தால் அந்த அத்தா பிள்ளையை அடித்திருக்க மாட்டார். பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தலைமையாசிரியரைக் கேட்டிருப்பார்.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சுமையும் உண்டு. பெயரை வைத்து, தொப்பியை வைத்து, முக்காட்டை வைத்து வரும் கேலி. 2023 ஆகஸ்டில் உத்தரப்பிரதேசம் முஸஃபர்நகர் மாவட்டத்தில் ஏழு வயது முஸ்லிம் சிறுவனை ஆசிரியையே சக மாணவர்களை விட்டு அறையச் செய்த காட்சியை நாடே பார்த்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனபோது, அந்தச் சிறுவனுக்கு மட்டுமல்ல, மற்ற மாணவர்களுக்கும் மனநல ஆலோசனை தரவேண்டும் என்று உத்தரவானது. இதைக் கவனியுங்கள். அடிபட்ட பிள்ளையைப் போலவே, அடிக்க ஏவப்பட்ட பிள்ளைகளின் மனமும் கெட்டுப்போகிறது. நம் பிள்ளை பட்டப்பெயர் வாங்குகிறானா என்று விசாரிக்கும் நாம், அவன் யாருக்காவது பட்டப்பெயர் வைக்கிறானா என்றும் விசாரிக்க வேண்டும்.

எல்லாப் பழியையும் பள்ளிக்கூடத்தின் மேல் போட எனக்கு மனம் வரவில்லை. பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதைத் தமிழக அரசு 2017லேயே நிறுத்திவிட்டது. நம் வீட்டில் இன்னும் நிறுத்தவில்லை. "பெரியப்பா மகனைப் பார்" என்பது காலைச் சாப்பாட்டோடு கிடைக்கிறது. வளைகுடாவிலிருந்து பேசும் அத்தா சலாத்துக்கு அடுத்தபடியாகக் கேட்பது மார்க். தேறாதவனுக்கு அதே ஆண்டில் துணைத்தேர்வு இருக்கிறது என்று வீட்டில் எத்தனை பேர் சொல்கிறோம்?

தூக்கம்! இந்த வயதில் எட்டு முதல் பத்து மணி நேரம் தூங்க வேண்டும். பள்ளிவிட்டு டியூஷன், டியூஷன் விட்டு இரவு பத்து வரை கல்லா, அதன்பிறகு செல்போன், விடியலில் மறுபடி டியூஷன். கூட்டிக் கழித்துப் பாருங்கள், நீங்கள் வியாபாரிகள். தேர்வு நெருங்கும் மாதங்களிலாவது பையனைக் கல்லாவிலிருந்து இறக்கிவிடுங்கள். ஒரு ஆள் சம்பளம்தான் கூடும்.

பிள்ளை "செத்துடலாம்போல இருக்கு" என்று சொன்னால், "வாயை மூடு, பாவம்" என்று அதட்டாதீர்கள். உட்காரவைத்து, "அப்படி நினைப்பு வருதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. சொல்ல ஓர் ஆள் கிடைத்தது என்றுதான் ஆகும். தனியாக விடாதீர்கள். 14416 என்ற எண், மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது. கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். அரசு மருத்துவக்கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. பைத்தியக்காரப் பட்டம் வந்துவிடும், பெண் கிடைக்காது என்று அஞ்சி மறைத்து வைத்ததன் முடிவை 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் பார்த்தோம். சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட வழியில்லாமல் 28 பேர் தீயில் கருகினார்கள்.

அந்தப் பையனைப் பற்றிக் கேட்பீர்கள். மாமா பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பேசினார். ஆசிரியர் முதலில் முறைத்தார், பிறகு நிறுத்திக்கொண்டார். பட்டப்பெயர் போக மேலும் ஓராண்டு ஆனது. கணக்கு இன்றைக்கும் அவனுக்குச் சுமார்தான். வயிற்றுவலி இல்லை.

கூட்டம் முடிந்தபின் அரை மணி நேரம் இங்கேயே இருப்பேன். நாலு பேர் முன்னால் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள், குறிப்பாகப் பின்வரிசையில் இருக்கும் தம்பிகள், தனியாக வந்து பேசலாம்.