பழைய ஏடும் புதிய பொறியும்



முப்பத்தைந்து ஆண்டுகள் பிறருக்குக் கற்பித்தவன், அறுபத்தாறாம் வயதில் ஒரு பொறியின்முன் மாணாக்கனாய் அமர்ந்த கதையை இன்று சொல்ல விழைகின்றேன். நான் தலைமையாசிரியனாக இருந்தது விழுப்புரத்தில். ஓய்வு பெற்றபின் வாழ்வது திண்டிவனத்தில்.

என் பழைய மேசைக் கணிப்பொறி பழுதுபட்டுப் புதியதொன்று வந்தது. அதனோடு புதிய இயங்குதளமும் வந்தது. பள்ளியின் அலுவல்களையெல்லாம் தலைமையாசிரியர் ஒழுங்கு செய்வதுபோல், கணிப்பொறியின் உறுப்புகளை ஏவி வேலைவாங்கும் அடிப்படை நிரலே இயங்குதளம். அந்தப் புதிய தலைமையாசிரியரோடு எனக்கு முதல் நாளே பிணக்கு. இடக்கோடியில் இருந்த தொடக்கப் பொத்தான் நடுவே வந்திருந்தது. பழகிய என் கையோ வெற்றிடத்தையே தட்டியது. சொல்லாக இருந்த கட்டளை சிறு படமாகச் சுருங்கியிருந்தது. கடிதத்தின் பாதியில், தன்னைப் புதுப்பிக்க வேண்டுமென்று பொறி என்னை நிறுத்திற்று.

இது முதுமையின் முணுமுணுப்பு என்று நகைக்காதீர்கள். 2012-ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 8, அந்தத் தொடக்கப் பொத்தானையே நீக்கிவிட்டது. உலகெங்கும் குறைகூறல் எழுந்தது. மறு ஆண்டே 8.1 பதிப்பில் பொத்தான் திரும்பியது. பயன்படுத்துவோரின் குறைக்கும் மதிப்புண்டு அன்றோ?

இவையெல்லாம் சிறு தொல்லைகள். பெருந்தொல்லை பின்னர் வந்தது. என்னுடன் பணியாற்றிய தமிழாசிரியர் ஒருவர், கண்ணொளி மங்கிய இறுதி நாட்களில், தம் இலக்கணப் பாடக் குறிப்புகளைச் சொல்லச் சொல்ல நான் தட்டச்சிட்டு வைத்திருந்தேன். அவர் மறைந்துவிட்டார். விழுப்புரத்தில் நடக்கவிருந்த பழைய மாணவர் கூட்டத்தில் அக்குறிப்புகளை அச்சிட்டு வழங்குவதாக வாக்களித்திருந்தேன். புதிய பொறியில் கோப்பைத் திறந்தால், ஒரு தமிழ் எழுத்தும் இல்லை! ‘அம்மா’ என்றிருந்த இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என நின்றன. நண்பரை இரண்டாம் முறை இழந்தவனாய்த் திகைத்தேன்.

எங்கள் தெருவிலுள்ள கல்லூரி மாணவி ஒருத்தி வந்து பார்த்தாள். “ஐயா, எழுத்து எதுவும் அழியவில்லை. மேலே போர்த்திய போர்வைதான் விலகியிருக்கிறது,” என்றாள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துக்குரிய எண்ணைச் சேமித்து, அதற்குத் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டின. அந்த எழுத்துரு இல்லாத பொறியில் ஆங்கிலமே தெரியும். ஒருங்குறியிலோ தமிழ் எழுத்துகளுக்கெனத் தனி எண்கள் உண்டு. 1991-இல் வந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கென 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன.

விழுப்புரம் சந்திப்பில் மீட்டர் பாதைகள் அகலப் பாதைகளாக மாறியதை என் தலைமுறை கண்டது. 1000 மில்லிமீட்டர் பாதைக்கான பெட்டி 1676 மில்லிமீட்டர் பாதையில் ஓடாது. ஆயினும் சரக்கை வேறு பெட்டிக்கு மாற்றலாம். அவ்வாறே, மாற்றி என்னும் நிரலால் குறிப்புகள் ஒருங்குறிக்கு ஏறின. அந்தப் பெண் சுட்டியை என் கையிலிருந்து வாங்கவில்லை. வழிசொல்லி என்னையே செய்யவைத்தாள். செய்து கற்பதே கல்வி என்று ஆசிரியப் பயிற்சியில் நான் படித்ததை, அவள் பயிலாமலே அறிந்திருந்தாள்.

ஓர் உண்மையையும் ஒப்புக்கொள்கின்றேன். தமிழ்நாடு அரசு 2010-லேயே ஒருங்குறியை ஏற்றது. அதற்கு மாறுவோம் என்று இளம் ஆசிரியர் ஒருவர் அப்போது வேண்டினார். “இருப்பது போதும்” என்று அவர் வாயை அடைத்தேன். ஆகவே, பொறியின்மேல் கொண்ட சினத்தில் பாதி எனக்கே உரியது.

பொத்தானை இடம்மாற்றும் மாற்றமும் உண்டு. எழுத்தைக் காக்கும் மாற்றமும் உண்டு. முன்னதைக் குறைகூறலாம், பின்னதைத் தள்ளிப்போட்டால் இழப்பு நமதே. இளைஞர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பழைய கோப்புகளைத் திறந்து பாருங்கள். போர்வை விலகிய எழுத்துகளை இன்றே மீட்டு வையுங்கள். அவர்கள் தடுமாறும்போது சிரிக்காமல் அருகில் அமருங்கள்.

கூட்டத்தன்று என் நண்பரின் குறிப்புகள் அவருடைய மாணவர் கைகளில் இருந்தன. பொத்தானைத் தேடி என் கை இன்னும் இடப்பக்கமே போகின்றது. அது மெல்லக் கற்கட்டும்.