நகம் கூறும் நலம்



நெய்வேலிச் சுரங்கத்திற்குச் செல்வோரும் வயலில் நாற்று நடுவோருமாகிய கம்மாபுரம் வாசிகளாகிய நாம், நகத்தில் அழுக்கைக் காண்கிறோமேயன்றி அதன் நிறத்தைக் கவனிப்பதில்லை. சித்த வைத்தியரோ எண்வகைத் தேர்வுகளுள் நிறத்தையும் ஒன்றாக வைத்தனர்.

நகத்தினடியில் இரத்தத்தின் செம்மை தோன்றுமாதலால், அது வெளுத்திருப்பின் சோகையோவென்று ஐயுறல் வேண்டும். இரும்புச்சத்துக் குறைவு நீடிப்பின் நகம் கரண்டிபோற் குழிதலுமுண்டு. விரல்நுனி பருத்து நகம் கவிந்து வளையின், நுரையீரலையும் இருதயத்தையும் பரிசோதித்தல் அவசியம். கடுஞ்சுரம் கண்டவர் நகங்களிற் பின்னர்க் குறுக்கே பள்ளம் தோன்றக்கூடும். நகம் மாதம் சுமார் 3 மில்லிமீட்டர் வளர்வதால், பள்ளம் நிற்குமிடமே நோய் வந்த காலத்தைக் காட்டும். சிறு வெண்புள்ளிகள் பெரும்பாலும் அடிபட்டதன் அடையாளமே, அவற்றிற்கு அஞ்சவேண்டுவதில்லை.

2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள மாதருள் நூற்றுக்கு 53 பேருக்குச் சோகை. யாவரும் உண்டபின் எஞ்சியதைப் பெண்கள் உண்ணும் வழக்கம் நம் இல்லங்களில் ஒழிதல் வேண்டும். நகம் சாட்சி மாத்திரமே. தீர்ப்புக் கூறுவது இரத்தப் பரிசோதனை. அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்குக் கட்டணமில்லை. ஆதலின், கலியாணத்திற்கு மருதாணி இடுமுன்னரே நம் பெண்மக்களின் நகங்களைப் பார்ப்போமாக.