பீலித் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

(தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம் பேசும் மேடையில் காட்டைப் பற்றிப் பேசுவதற்கு மன்னிக்க வேண்டும் என்று தொடங்கத்தான் நினைத்தோம். பிறகு அது தேவையில்லை என்று விட்டுவிட்டோம். கடந்த பெப்ரவரியில் மேல் லயத்துப் பீலி நூலாக ஒழுகியது நமக்கு மறக்கவில்லை. விடியற்காலை நாலு மணிக்குக் குடத்தை வரிசையில் வைத்து, பிரட்டுக்குப் பிந்திப்போய், அரைப் பேரோடு வீடு திரும்பியவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். தண்ணீர் குறைந்தால் நம் சம்பளமும் குறைகிறது. ஆகவே இது சங்கத்தின் விஷயம்தான்.

அந்த மாதம் பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தோம். பீலியிலிருந்து குழாயைப் பிடித்துக்கொண்டே மேலே போக வேண்டும். தண்ணீர் எங்கே பிறக்கிறதோ அங்கே நிற்க வேண்டும். கொழுந்து மலையைத் தாண்டி, டர்பன்டைன் மரங்களைத் தாண்டி, உச்சிக்குக் கீழே இருக்கிற காட்டுத் துண்டுக்குள் போய் நின்றோம். மழை பெய்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஒரு பிள்ளை மரத்தில் படர்ந்திருந்த பாசியைப் பிடித்துப் பிழிந்தாள். தண்ணீர் சொட்டியது! பாடப் புத்தகத்தை வைத்து நாங்கள் ஒரு வருடம் சொல்லியும் விளங்காதது அந்த ஒரு பிடியில் விளங்கிவிட்டது.

மலை உச்சிக் காட்டுக்கு மழை மட்டும் தண்ணீர் தருவதில்லை. மூடுபனி வந்து மோதும்போது இலையும் பாசியும் அதைப் பிடித்து, துளித்துளியாகக் கீழே விடுகின்றன. கீழே உதிர்ந்து மக்கிக் கிடக்கும் சருகு அதை மெல்ல மண்ணுக்குள் இறக்குகிறது. மழையில்லாத நாளில் ஊற்றாக வருவது அப்படிச் சேர்ந்த தண்ணீர். அதே மழை வெறும் சரிவில் விழுந்தால் கான் வழியாக மண்ணையும் அள்ளிக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடிவிடும். அந்த மண்ணை நாம் திரும்பவும் கான் வெட்டி அள்ளுகிறோம். ஹோர்ட்டன் சமவெளியையும் அதைச் சுற்றிய மலைகளையும் எடுத்துக்கொண்டால், மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் தலைநீர் அங்கிருந்துதான் போகிறது. கொழும்புக்காரர் குடிக்கும் களனித் தண்ணீரிலும் நம் மலைப் பனி கொஞ்சம் இருக்கிறது.

இந்த உச்சிக் காடு மிஞ்சியதே ஒரு கதை. 1830களுக்குப் பின் கோப்பிக்காக மலைமலையாக வெட்டினார்கள். வெட்டிய கைகளில் நம் முன்னோரின் கைகளும் உண்டு. இலாபம் வேறு கைகளுக்குப் போனது. 1873இல் ஜோசப் ஹூக்கர் என்ற இங்கிலாந்துத் தாவர அறிஞர், 5,000 அடிக்கு மேலுள்ள காட்டை வெட்டக்கூடாது என்று ஆலோசனை சொன்னார். அரசாங்கமும் தடை போட்டது. வெள்ளைக்கார ஆட்சி நமக்குச் செய்த நன்மை என்று எண்ணினால் விரல்கள் மிச்சப்படும், ஆனால் இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சிவனொளிபாத மலைக்காடும் ஹோர்ட்டன் சமவெளியும் நக்கிள்ஸ் மலைத்தொடரும் 2010இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டன.

அங்கே வாழும் பல உயிர்கள் உலகத்தில் வேறெங்கும் இல்லை. மூக்கின் மேல் கொம்புள்ள ஓணான் ஒன்று நம் காட்டுத் துண்டிலேயே இருந்தது. ஓணானைக் கண்டால் கல்லெடுப்பது நம் பையன்களின் வழக்கம். அன்றைக்கும் ஒருவன் குனிந்தான். "இது இலங்கையில மட்டுந்தான்டா இருக்கு" என்றதும் கல்லைக் கீழே போட்டான். மலைநாட்டுத் தேவாங்கு அழிந்தேபோனது என்று நினைத்திருந்தார்கள். 2010இல் அதன் படங்கள் வெளிவந்தன. கவனியுங்கள், மரத்தோடு மரம் தொட்டுக்கொண்டு நிற்கும் காடு இல்லாமல் தேவாங்கு நகர முடியாது.

ஊற்றுக்குப் பக்கத்தில் நாம் பார்த்தது இன்னும் இரண்டு. ஒன்று, புல்லுக்கு அடிக்கிற மருந்தின் வெற்றுக் கேன்கள். அந்த ஊற்றைத்தான் நாம் குடிக்கிறோம். கேனைக் கழுவக் கொடுத்த இடம் எது, கழுவச் சொன்னது யார் என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்கப்போகிறோம்.

மற்றது, இரண்டு வேருக்கு நடுவே கட்டியிருந்த கம்பிச் சுருக்கு. பிள்ளைகள் கூட்டமாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு சின்னவன் மெதுவாகச் சொன்னான்: "டீச்சர், எங்க மாமாவும் இப்படித்தான் கட்டுவாரு." நமக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

பன்றி வந்தால் ஒரே இரவில் உருளைக்கிழங்குப் பாத்தி முழுவதும் போய்விடும். அந்தக் கஷ்டத்தைத் தெரியாமல் பேசவில்லை. ஆனால் கம்பிக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்தில் கருஞ்சிறுத்தை ஒன்று சுருக்கில் மாட்டி, சில நாளில் செத்துப்போனது. நாடே பேசியது. இப்படிச் சிறுத்தை செத்தால் பொலிஸ் வருவது லயத்துக்குத்தான், பங்களாவுக்கு அல்ல. பிணை எடுக்க ஓடுவது சங்கம். சுருக்குக் கட்டிய நம் அங்கத்தவரைக் காட்டிக்கொடுக்க நாம் தயாரில்லை. கட்டுவதைக் கண்டும் காணாமல் இருக்கவும் இனித் தயாரில்லை. மரக்கறிப் பாத்திகளைச் சுற்றி வேலி போடப் பழைய தகரமும் கம்பமும் தரவேண்டும் என்ற கோரிக்கையை இந்த முறை கடிதத்தில் சேர்த்திருக்கிறோம். தகரம் வரும்வரை சும்மா இருக்கச் சொல்வது லேசான காரியமில்லை என்பது நமக்கும் தெரியும்.

விறகைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாய்மார் காய்ந்த மிலாறு பொறுக்குவதால் காடு அழிவதில்லை. பச்சை மரம் லொறியில் போகும் இரவுகளைத்தான் பார்க்க வேண்டும், இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். மாற்று வீடு மட்டும் வரவில்லை. ஆகவே நம் லயங்களுக்கு மேலேயுள்ள சரிவைக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் வந்து பார்க்க வேண்டும், அவர்கள் சொல்வதைத் தமிழில் நம் கையில் தரவேண்டும் என்றும் கேட்டிருக்கிறோம்.

வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு மேல் லயத்துப் பீலியடியில் கூடுவோம். ஊற்றைச் சுற்றிக் கிடக்கும் கேன்களைச் சாக்கில் அள்ளி, எண்ணி, படம் எடுத்து, தோட்டக் காரியாலயத்தில் ஒப்படைப்போம். கண்ணில் படும் கம்பிகளையும் கழற்றுவோம். யார் கட்டியது என்று அன்று யாரும் கேட்கமாட்டோம். அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.