பிரஷர் சீட்டும் பெரியவர்களின் ஞாபகமும்

(நம் அறக்கட்டளையின் இலவச மருத்துவ முகாம் நிறைவில், மருத்துவ உதவிக் குழு சார்பில் ஆற்றப்பட்ட உரை. வாசகர்களுக்காகச் சற்றே சுருக்கித் தரப்படுகிறது.)

 

இன்று காலையிலிருந்து இங்கே பிரஷர் பார்த்துக்கொண்ட எல்லோர் கையிலும் ஒரு சின்னச் சீட்டு இருக்கிறது. மேலே ஓர் எண், கீழே ஓர் எண். அந்தச் சீட்டைப் பற்றித்தான் பேசப் போகிறோம். சட்டைப் பையில் போட்டு மறந்துவிட்டால் என்ன நேர்கிறது என்பதை, எங்கள் தவறையும் மறைக்காமல் சொல்லப் போகிறோம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு சகோதரி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய வாப்பாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. கொழும்பில் பல வருடம் கடைக் கணக்கு எழுதியவர். எந்தக் கூட்டலையும் வாயாலேயே போடுவார். அப்படிப்பட்டவர், ஒரு நாள் இஷா தொழுதுவிட்டு வெளியே வந்து, பிறந்து வளர்ந்த தெருவிலேயே வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றிருக்கிறார். தெருப் பிள்ளைகள் கையைப் பிடித்துக் கூட்டி வந்து விட்டிருக்கிறார்கள். அதற்கு முன்பே அறிகுறிகள் இருந்திருக்கின்றன. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார். கொடுத்த பணத்தைக் கொடுக்கவில்லை என்பார். "வயசாச்சு" என்று வீட்டார் விட்டுவிட்டார்கள்.

அந்தச் சகோதரி எங்களிடம் கேட்டது இதுதான்: "மூளை நோயை ரத்தத்திலேயே கண்டுபிடிக்கிற புது டெஸ்ட் வந்திருக்காம். தம்பி வெளிநாட்டிலேருந்து சொன்னான். செலவு ரொம்ப ஆகுமாம். டிரஸ்ட்லேருந்து உதவ முடியுமா?"

"வாப்பாவுக்குப் பிரஷர் இருக்கா?" என்று கேட்டோம்.

"இருந்துச்சு. மாத்திரை சாப்பிட்டாங்க. நார்மலுக்கு வந்துடுச்சுன்னு நிறுத்திட்டாங்க. மூணு வருஷம் இருக்கும்."

அன்று பார்த்தபோது மேல் எண் 180-ஐத் தாண்டியிருந்தது. பிறகு எங்கள் பழைய முகாம் பதிவேடுகளைப் புரட்டினோம். அவர் பெயர் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் முகாமிலேயே 168-க்கு 100. பக்கத்தில் "மருத்துவரைப் பார்க்கவும்" என்று நாங்களே எழுதியிருக்கிறோம். அவர் பார்த்தாரா என்று பிறகு ஒருவர்கூடக் கேட்கவில்லை. சீட்டு கொடுத்தோம், முகாம் முடிந்தது, போட்டோ எடுத்தோம். எங்கள் வேலை அதோடு முடிந்துவிட்டதாக நினைத்துவிட்டோம்.

பிரஷருக்கும் மறதிக்கும் என்ன தொடர்பு?

பிரஷர் என்றால் மாரடைப்பு, பக்கவாதம், கிட்னி என்பது நமக்குத் தெரியும். ஞாபகத்தையும் அது தின்னும் என்பது பலருக்குத் தெரியாது.

மூளைக்குள் தலைமுடியை விட மெல்லிய ரத்தக் குழாய்கள் ஏராளம். அழுத்தம் அதிகமாகவே இருந்தால் அவற்றின் சுவர் தடித்து, உள்வழி குறுகிவிடும். சில இடங்களில் ரத்தம் போதாமல் போகும், சில இடங்களில் சின்ன அடைப்பு விழும். கை கால் இழுக்காது, வாய் கோணாது. அதனால் வந்ததே தெரியாது. இப்படிப் பத்து, இருபது வருடம் சேர்ந்த பிறகு, ஒரு நாள் தெருவில் வழி தெரியாமல் நிற்கும்போதுதான் தெரிய வரும். அல்சைமர் என்ற மறதி நோய் தனியாக ஒன்று இருக்கிறது. ஆனால் பல பெரியவர்களுக்கு அல்சைமரும் ரத்தக் குழாய்ச் சேதமும் சேர்ந்தே இருக்கின்றன. இரண்டும் சேரும்போது மறதி வேகமாக முற்றும்.

2023-இல் வெளியான அகில இந்திய ஆய்வு ஒன்று, 60 வயதைத் தாண்டியவர்களில் 100 பேருக்கு ஏழு பேர் மறதி நோயோடு வாழ்கிறார்கள் என்று கணித்தது. நாடு முழுவதும் சுமார் 88 லட்சம் பேர். 'லான்செட்' மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு 2024-இல் சொன்னது என்னவென்றால், மறதி நோயில் ஏறத்தாழ 45 சதவீதம், நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களோடு தொடர்புள்ளது. அந்தப் பட்டியலில் நடுத்தர வயதுப் பிரஷர், சர்க்கரை, புகை, கெட்ட கொழுப்பு, காது கேளாமை, தனிமை எல்லாம் இருக்கின்றன. நடுத்தர வயது என்ற சொல்லைக் கவனியுங்கள். எழுபது வயதில் வரும் மறதிக்கு நாற்பது வயதில் விட்ட பிரஷர் காரணமாகலாம். ஆகவே இந்த உரை, வாப்பாவைக் கூட்டி வந்த மகனுக்கும் மகளுக்கும் சேர்த்துத்தான்.

புதிய ரத்தப் பரிசோதனை என்ன சொல்லும்?

அந்தச் சகோதரி கேள்விப்பட்டது பொய்யல்ல. மூளையில் நடக்கும் சேதத்தின் தடயங்கள் மிகச் சிறிய அளவில் ரத்தத்திலும் கலக்கின்றன. அவற்றை அளக்கும் முறைகள் வந்துவிட்டன. 'பி-டவ் 217' என்ற புரதம் அல்சைமர் மாற்றத்தைக் காட்டும். 'நியூரோஃபிலமென்ட்' என்ற இன்னொரு புரதம், நரம்பு இழைகள் சேதமாகின்றன என்பதைக் காட்டும். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2025 மே மாதம்தான் அல்சைமருக்கான ரத்தப் பரிசோதனை ஒன்றுக்கு முதன்முதலாக அனுமதி கொடுத்தது. அதுவும் எல்லோருக்கும் அல்ல. 55 வயதோ அதற்கு மேலோ ஆகி, மறதி அறிகுறி ஏற்கனவே உள்ளவர்களுக்கு, அந்த நோய்க்கான மருத்துவரின் பார்வையில் செய்ய வேண்டியது.

கடற்கரைக்காரர்களுக்குப் புரியும்படி சொல்கிறோம். கடலில் ஒரு வள்ளம் உடைந்தால் பலகைத் துண்டுகள் கரை ஒதுங்கும். துண்டைப் பார்த்தால் ஏதோ உடைந்திருக்கிறது என்று தெரியும். பாறையில் மோதியதா, காற்றில் கவிழ்ந்ததா என்பது துண்டை மட்டும் பார்த்தால் தெரியாது. நியூரோஃபிலமென்ட் அப்படித்தான். இன்னொன்றும் உண்டு. கிட்னி பழுதானவர்களுக்கு இந்தப் புரதங்கள் ரத்தத்தில் தேங்கி, எண் கூடுதலாகக் காட்டலாம். பிரஷர் நோயாளிகளில் பலருக்குக் கிட்னியும் பலவீனம். மருத்துவர் சொல்லாமல் நாமாகப் போய் எடுத்து, ரிப்போர்ட்டைப் பார்த்துக் கலங்கிப் போவது தேவையில்லாத வேதனை.

மறதி என்றால் முதலில் பார்க்க வேண்டிய சாதாரணப் பரிசோதனைகள் இருக்கின்றன. வைட்டமின் பி12, தைராய்டு, சர்க்கரை, சோடியம், கிட்னிக்கான கிரியேட்டினின். பி12 குறைவாலோ தைராய்டாலோ வந்த மறதியை மருந்தால் பெருமளவு சரிசெய்ய முடியும். மனச்சோர்வும் காது கேளாமையும்கூட மறதி போலத் தோற்றம் காட்டும்.

அந்தப் பெரியவரைத் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். ஸ்கேனில், அவருக்கே தெரியாமல் வந்துபோன சின்னச் சின்ன அடைப்புகளின் தடம் இருந்தது. விலை உயர்ந்த டெஸ்டுக்குத் தேவையே ஏற்படவில்லை. பிரஷர் மாத்திரையை மறுபடி தொடங்கினார்கள். இப்போது அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. போன ஞாபகம் திரும்பவில்லை. திரும்பும் என்று உங்களிடம் சொல்லவும் மாட்டோம். இருப்பதைக் காப்பாற்றலாம், அவ்வளவுதான். இரண்டு வருடத்துக்கு முன்பே தொடங்கியிருந்தால் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்குமே என்ற எண்ணம் எங்களை இன்னும் உறுத்துகிறது.

குறைத்தால் பலன் உண்டா?

உண்டு. அமெரிக்காவில் 9,361 பேரை வைத்து நடந்த 'ஸ்பிரின்ட்' ஆய்வின் முடிவு 2019-இல் வந்தது. மேல் எண்ணை 120-க்குக் கீழே கொண்டுவந்தவர்களுக்கு, மறதியின் ஆரம்ப நிலை 19 சதவீதம் குறைவாக வந்தது. முற்றிய மறதி நோயைப் பற்றி அந்த ஆய்வால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதைச் சொன்னது சீனக் கிராமங்களில் நடந்து, 2025-இல் வெளியான ஆய்வு. 326 கிராமங்கள், 33,995 பேர், நான்கு வருடம். பெரிய ஆஸ்பத்திரி எதுவும் இல்லை. கிராம அளவில் பயிற்சி பெற்றவர்கள், மருத்துவர்களின் மேற்பார்வையில் மாத்திரை கொடுத்தார்கள், வீட்டிலேயே பிரஷர் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள், விடாமல் விசாரித்தார்கள். மறதி நோய் 15 சதவீதம் குறைந்தது.

விடாமல் விசாரித்தார்கள் என்பதுதான் நாங்கள் செய்யத் தவறியது. 2020-இல் நம் தமிழக அரசு எடுத்த கணக்கெடுப்பில், பெரியவர்கள் 100 பேரில் சுமார் 34 பேருக்குப் பிரஷர் இருந்தது. அந்த நோயாளிகளில் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான். அடுத்த ஆண்டு, 2021 ஆகஸ்டில், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வந்தது. பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். வாங்கிக்கொள்வதில் எந்தக் கூச்சமும் வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது.

வீட்டில் செய்ய வேண்டியவை

பிரஷர் பார்க்கும் முன் அரை மணி நேரம் டீ, காபி, புகை வேண்டாம். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காருங்கள். கால் தரையில், கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். பேச வேண்டாம். இரண்டு முறை பாருங்கள். வெவ்வேறு நாளில் பார்த்தும் 140-க்கு 90-ஐ எட்டினால் மருத்துவரிடம் போங்கள். எந்த அளவுக்குக் குறைக்க வேண்டும் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். எழுந்தால் தலை சுற்றுகிற முதியவர்களுக்கு அளவு வேறாக இருக்கும்.

நார்மல் வந்தது மாத்திரையால். மாத்திரையை நிறுத்தினால் மறுபடி ஏறும். நோன்பு நோற்பவர்கள் ரமலானுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து, சஹருக்கும் நோன்பு திறந்த பிறகும் எடுக்கும்படி வேளையை மாற்றிக்கொள்ளுங்கள். மாதம் முழுக்க மாத்திரையை விட்டுவிடுவதை வருடாவருடம் பார்க்கிறோம்.

நாம் உப்பு விளையும் மாவட்டத்துக்காரர்கள். குஜராத்துக்கு அடுத்து நம் தூத்துக்குடி உப்புதான் நாட்டுக்குப் போகிறது. ஆனால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழேதான் உப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எல்லாம் சேர்த்து ஒரு சிறு தேக்கரண்டிக்குள். கருவாடு, மாசி, ஊறுகாய், அப்பளம், நோன்புக் கஞ்சியோடு வரும் வடை, சமோசா எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். இந்துப்பு போட்டால் பிரஷர் வராது என்று சொல்வதை நம்பாதீர்கள். அதுவும் பெரும்பாலும் அதே சோடியம்தான். சோடியம் குறைத்த உப்பு கடைகளில் வருகிறது. கிட்னிக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம்.

தொழுகையில் எப்போதாவது ரக்அத் எண்ணிக்கை தவறுவது எல்லோருக்கும் நேர்வது. ஆனால் எப்போதும் சரியாகத் தொழுதவர் அடிக்கடி தடுமாறினால், பழகிய வழியை மறந்தால், பணக் கணக்கு குழம்பினால், கேலி செய்யாதீர்கள், கோபப்படாதீர்கள். கூட்டி வாருங்கள்.

எங்கள் பொறுப்பு

அந்த டெஸ்டுக்கு ஒதுக்க நினைத்த தொகையில், அந்தச் சகோதரியின் சம்மதத்தோடு, எடுத்துச் செல்லக்கூடிய பிரஷர் மெஷின்கள் வாங்கியிருக்கிறோம். இனி முகாமில் 140-ஐத் தாண்டிய ஒவ்வொருவர் பெயரும் தெருவாரியாகத் தனிப் பதிவேட்டில் ஏறும். மாதம் ஒரு முறை எங்கள் சகோதரிகள் வீட்டுக்கு வருவார்கள். மாத்திரை இருக்கிறதா, சாப்பிட்டீர்களா என்று கேட்பார்கள். தொந்தரவாக நினைக்காதீர்கள்.

நம் கடலில் 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனாலும் அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். குளிப்பவர் தனியாக இறங்க மாட்டார். மேலே கயிறு பிடிக்க ஒருவர் இருப்பார். கீழே இருப்பவரின் உயிர் அந்தப் பிடியில். மறதியில் இறங்கிக்கொண்டிருக்கும் ஒரு வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் மேலே நிற்கும் ஆள் நாம்தான். இரண்டு வருடத்துக்கு முன் நாங்கள் கயிற்றை விட்டுவிட்டோம். இனி விட மாட்டோம், இன்ஷா அல்லாஹ்.

வீட்டுக்குப் போனதும் அந்தச் சீட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, எல்லோர் கண்ணிலும் படும்படி சுவரில் ஒட்டுங்கள். வஸ்ஸலாம்.